ஒரு நொடி நிற்கும் கை

கறிக்கடை அக்கா அன்று காலையிலிருந்தே முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். கறி வாடையால் அல்ல. பதினெட்டு வருஷமாக அந்த வாடையில்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது. வெட்டுமேடையில் கிடந்த ஆட்டுத்தொடைதான் காரணம்.

தங்கை புருஷனின் பழைய யூனிபார்ம் சட்டையிலிருந்து ஒரு கையைக் கத்தரித்து அந்தத் தொடைக்கு மாட்டியிருந்தாள். பிறகு கடைக்கத்தியால், பெரிய வேகம்கூட இல்லாமல், ஒரே ஒரு இழுப்பு. துணி, கொழுப்பு, சதை எல்லாவற்றையும் பிளந்துகொண்டு போய்க் கத்தி எலும்பில் நின்றது.

"கத்திய முன்கையால தடுத்தா வெறும் சிராய்ப்புதான்" என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவர் தற்காப்புக்கலைக் கூடத்து மாஸ்டர். ஆறு வருஷமாகத் தலையாட்டியவள் இவள். அது போதாதென்று, கடைசி இரண்டு வருஷமாகப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவளே அதைச் சொல்லியும் கொடுத்தாள். நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிறவளுக்கு இது எப்படி உறைக்காமல் போனது? கடையில் ஒரு புத்தி, கூடத்தில் ஒரு புத்தி. தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

உறைக்க வைத்தவர் தங்கை புருஷன். நகைக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறவர். இவளைப் பார்த்துத்தான் அவரும் கூடத்தில் சேர்ந்தார். போன வாரம் பக்கத்துத் தெருக் கடையில் ஒருவன் கத்தியோடு நுழைந்துவிட்டான் என்று சேதி வந்தபோது, மனுஷர் பயப்படவே இல்லை. "இங்க வரட்டும் அக்கா, மாஸ்டர் சொல்லிக்குடுத்த மூணாம் நம்பர் பிடி இருக்கே" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மாஸ்டரிடம் போய்த் தொடை விஷயத்தைச் சொன்னாள். அவர் பயிற்சி விரிப்பின் நடுவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டுகள் விரிப்பிலேயே தெறித்தன. நாளைக்கு யாரோ முகம் வைத்து விழப்போகிற விரிப்பு.

"செத்த சதை வேற, உயிருள்ள சதை வேறம்மா. உயிருள்ளதுல மூச்சு ஓடுது. மூச்சு கத்தியத் தள்ளும்" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

வெள்ளிக்கிழமை காலையில் செய்முறைக் காட்சி. காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் கம்பெனியின் மேனேஜர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் கம்பெனி ஆட்கள் எல்லோரும் இதையே கற்க வேண்டும். தங்கை புருஷன்தான் அவர்களுக்குத் தலைவர். அவர் மேனேஜருக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

கத்திக்காரன் வேஷம் எப்போதும் போல அக்காவுக்கு. ரப்பர் கத்தியின் ஓரத்தில் மகளின் லிப்ஸ்டிக்கை அழுத்திப் பூசியிருந்தாள். பட்ட இடமெல்லாம் மாஸ்டரின் வெள்ளை உடுப்பில் தெரிய வேண்டும், தங்கை புருஷன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

குத்தினாள். மாஸ்டர் முன்கையால் தடுத்தார். அவ்வளவுதான், அவள் கை நீட்டியது நீட்டியபடியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

நிறுத்த வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. அது அந்தக் கூடத்துப் பழக்கம். குத்துகிறவர் கையை ஒரு நொடி அப்படியே விட்டுவைக்க வேண்டும், தடுப்பவர் சாவகாசமாகப் பிடித்து முறுக்க. உடனே பின்னால் இழுத்துக்கொண்டால் மரியாதை தெரியாதவர் என்று திட்டு விழும். ஆறு வருஷமாக அவள் கை அதைத்தான் படித்திருந்தது. மாஸ்டர் முறுக்கினார், கத்தி விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது தங்கை புருஷன். அக்கா குனிந்து கத்தியை எடுத்தாள்.

"இன்னொரு தடவை மாஸ்டர்" என்றாள்.

இந்தத் தடவை கூடத்தை மறந்து கடையை நினைத்துக்கொண்டாள். கறியில் குத்திய கத்தியை யாராவது அங்கேயே விட்டுவைப்பார்களா? குத்தினாள், இழுத்தாள், குத்தினாள். மாஸ்டர் பிடிக்கப்போன இடத்தில் கை இல்லை. நான்கு நொடிகூட ஆகியிருக்காது. முன்கையில் மூன்று கோடு, அக்குளில் ஒன்று, வயிற்றில் இரண்டு, கழுத்தில் நீளமாக ஒன்று. மாஸ்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? "பார்த்தீங்களா சார், இது தப்பான குத்து. நிஜத்துல ஒருத்தனும் இப்படிக் குத்த மாட்டான்" என்று பூசி மெழுகினார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும். சர்டிபிகேட்ல எங்க கம்பெனி பேர் வருமில்ல?"

"பெருசாவே போட்டுடலாம் சார்."

கழுத்தில் சிவப்புக் கோட்டோடு மாஸ்டர் இளித்ததை அதற்குமேல் அவளால் பார்க்க முடியவில்லை. பெல்ட்டை அவிழ்த்து அந்த விரிப்பிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கடையைத் திறந்து வெட்டுமேடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை புருஷன் வந்து நின்றார். வழக்கமான சவடால் இல்லை. அவள் குளிர்பெட்டியிலிருந்து தொடையை எடுத்து முன்னால் வைத்தாள். பிளந்து கிடந்த தன் சட்டைக் கையை அவர் விரலால் விலக்கிப் பார்த்தார். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"அக்கா, அந்த ஏழு கோட்டுல எத்தனை போதும்?"

"ஒண்ணு."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"ஓடணும் மாப்ள. உள்ள இருக்கறவங்களுக்குக் குரல் குடுத்துட்டு ஓடணும்."

காவல்காரன் ஓடினால் ஊர் சிரிக்குமே என்று இழுத்தார். சிரிக்கிறவர்கள் யாரும் தன் தங்கைக்குத் துணையாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரப்போவதில்லை என்றாள் அக்கா. லிப்ஸ்டிக் பூசிய ரப்பர் கத்தியைப் பையிலிருந்து எடுத்தாள்.

முதல் தடவை அவர் கை தானாக மூணாம் நம்பர் பிடிக்குப் போனது. கழுத்தில் சிவப்பு. இரண்டாவது தடவையும் அதேதான், இந்த முறை வயிற்றில். மூன்றாவது தடவை அவள் கையை ஓங்கியதுமே மனுஷர், "கத்தி, கத்தி" என்று கத்திக்கொண்டு திரும்பினார், குடல் வாளியை உதைத்துக் கவிழ்த்தார், அதிலேயே வழுக்கி, எழுந்து, நடுத்தெருவுக்கே போய் நின்றார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரிக்கவும் செய்தார்.

"இது சரியா அக்கா?" என்று அங்கிருந்தே கேட்டார், மூச்சு வாங்க.

"சரிதான். கால அலம்பிட்டு வாங்க" என்றாள். "இன்னும் பத்து தடவை ஓடணும்."