மரியாதை தெரிந்த கட்டி

"எங்க அக்காவுக்கு வந்தது உலகத்துலயே மரியாதை தெரிஞ்ச கேன்சர். நான் மைக்ராஸ்கோப்ல பார்த்ததும் கையைக் கட்டிக்கிட்டு எழுந்து நின்னுச்சு," என்றபடி மடக்கு நாற்காலியை விரித்தார் தம்பி.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்தார். கூடத்தில் அக்கா கழுத்து வரை போர்த்திக் கிடந்தாள். தலைமாட்டில் அவள் கணவர், அத்தான்.

தம்பி ஆயுசெல்லாம் பயாப்ஸி பார்த்த டாக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

பல வருஷங்களுக்கு முன் அக்காவின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைப் பார்த்தவர்கள் வெறும் தழும்பு என்றார்கள். செல்கள் அவ்வளவு சாது. தம்பி விடவில்லை. தழும்புக்குள் குட்டிக் குழாய்கள் வால் நீட்டி, நல்ல பால் நாளங்களுக்கு நடுவே புகுந்திருந்தன. ஓரத்தில் வெள்ளணுக்கள், தெருச்சண்டையை வேடிக்கை பார்க்கும் கும்பல் மாதிரி. கேன்சர்தான் என்றார். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் வழக்கமான மூன்று சோதனைகளும் 'இல்லை' என்று வந்ததும் எல்லோரும் மறுபக்கம் சாய்ந்தார்கள்: பொல்லாத வகை, உடனே கீமோ.

"இது அபூர்வம். ஆமை வேகம். ஓரம் சுத்தமா வெட்டி எடுத்தாப் போதும்," என்றார் தம்பி, ஒற்றை ஆளாக.

"உன் புளுகுக்கு என் பொண்டாட்டிதான் கிடைச்சாளா?" என்று அத்தான் எகிறினார்.

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்தாள். "புளுகும்போது இவன் காது ஆடும். இப்ப ஆடலை. வெட்டிட்டு வீட்டுக்குப் போலாம்."

அதன்பின் வருஷா வருஷம் அவள் ஸ்கேனுக்குப் போகும் நாளில் தம்பிக்குச் சோறு இறங்காது. அது அவளுக்கு மட்டும் தெரியும். அத்தான் ஒவ்வொரு முறையும், "இன்னும் வரலை, அவ்வளவுதான்," என்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ... அதேதான் திரும்பி வந்துடுச்சா?"

தம்பி அடுத்த நாற்காலியை எடுத்தார்.

"இல்லைங்க," என்றார் அத்தான், போர்வையின் சுருக்கத்தை நீவியபடி. "ஆஸ்பத்திரியில உடம்பு பூரா பார்த்துட்டாங்க. அது எங்கேயும் இல்லை. ஹார்ட்தான் நின்னு போச்சு."

நீவிய கை நின்றது.

"மச்சான் சொன்னது நெசம். கையைக் கட்டிக்கிட்டுத்தான் நின்னுச்சு."

அந்த நாற்காலி விரிக்கப்படாமல் தம்பியின் கையிலேயே இருந்தது.