அம்மாவின் நிறம்

குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் காலை நர்ஸ் வீட்டுக்கு வந்தபோது தையல்காரர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிரசவமான மறுநாளே ரத்தப்போக்கு நிற்காமல் அவர் மனைவி இறந்துபோனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளுடைய தங்கை வந்து தங்கியிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், அப்படியே அம்மா நிறம் என்று. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் இத்தனை நாளையும் தள்ளியிருந்தார்.

"பால் நல்லா குடிக்கிறாளா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"மகாராணிக்குத் தூங்கவே நேரம் போதல, இதுல பால் எங்க? ஆனா சமத்து, அழவே மாட்டா," என்றாள் தங்கை.

நர்ஸ் சிரிக்கவில்லை. குழந்தையின் மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தாள். பையிலிருந்து சின்ன டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை எடுத்தாள். தையல்காரர் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஊசியா?"

"இல்லண்ணா. தோல்மேல சும்மா வைக்கிறதுதான். வெளிச்சம் பட்டதும் மஞ்சகாமாலை எவ்வளவுன்னு காட்டிடும்."

"காமாலையா? அது அவங்கம்மா நிறம்மா. இருபது வருஷமா துணிக்கு நூல் பார்த்து எடுக்கிறவன் நான். நிறத்துல ஏமாறமாட்டேன்."

அவள் குழந்தையின் சட்டையை விலக்கினாள். நெஞ்சில் மூன்று முறை கருவியை வைத்து எடுத்தாள். ஒவ்வொரு முறையும் பளிச்சென்று மின்னி அணைந்தது. குழந்தை அசையவேயில்லை. பத்தொன்பது என்று காட்டியது.

"ஆஸ்பத்திரிக்கு இப்பவே கிளம்பணும்ண்ணா."

அவர் எழுந்திருக்கவில்லை. "ரெண்டு நாள்ல அனுப்பிடறோம்னுதான் அவளையும் உள்ள கூட்டிட்டுப் போனீங்க."

தங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும்ண்ணா. ஆனா இவ தூங்குறது சமத்தால இல்ல. இன்னும் ஏறிச்சுன்னா மூளையைப் பாதிச்சிடும்."

குழந்தையின் கன்னத்தை விரலால் தடவியபடி அவர் கேட்டார்: "வைத்தியம் பண்ணா இந்த நிறம் போயிடுமா?"

"போயிடும்ண்ணா."

அவர் துண்டை எடுத்துக் குழந்தையைச் சுற்றினார்.

ஆஸ்பத்திரியில், அளவை உறுதிசெய்யக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஊசி கிடையாது என்று சொன்ன நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவர் குழந்தையின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார். குழந்தை எழுப்பிய குரல் மிக மெலிதாக இருந்தது. கண்களைத் துணியால் மூடி, நீல விளக்கின் அடியில் படுக்கவைத்தார்கள். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றோ, தாமதம் என்றோ டாக்டர் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுமட்டும் சொன்னார்.

மறுநாள் மதியம் நர்ஸ் மறுபடி பார்க்க வந்திருந்தபோது, பால் கொடுப்பதற்காக விளக்கை அணைத்துக் கண்கட்டை அவிழ்த்தார்கள். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, வெளிச்சம் படாத கண்ணோரங்களில் மட்டும் மஞ்சள் மிச்சமிருந்தது. தையல்காரர் அதைப் பார்த்தார். தங்கை கரண்டியை நீட்டினாள்.

"மாமா, நீங்க குடுங்க."

முதல் கரண்டிப் பால் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு, மறுபடி உதட்டருகே கொண்டுபோனார். மெஷினில் வேகவேகமாகத் துணியை ஓட்டிப் பழகிய கை கொஞ்சமும் ஆடாமல் நின்றது. குழந்தையின் தொண்டை அசைகிறதா என்று மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.