ஒரு வரியில் கழுவிய கண்ணாடி

1

“அப்போ உன் கதைல நான் எத்தன தடவ வர்றேன்?”

“ஒரு தடவ.”

“வந்து?”

“செல் வளக்குற கண்ணாடிக் குப்பியெல்லாம் கழுவுறீங்க.”

“எத்தன வரிக்குக் கழுவுறேன்?”

“ஒரு வரி.”

“ஒரே வரில கழுவினா செல்லு சாகத்தானே செய்யும்!”

கேட்டவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். என் அக்காவும் சிரித்தாள். நான் என் கதையின் ஏழு பக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை பிறந்தது அந்தச் சிரிப்பில்தான். இடம், ஓர் ஆய்வகத்தின் கழுவும் அறை. அக்கா அங்கே ஆராய்ச்சி மாணவி. சிரித்தவரை எல்லோரும் நுரையக்கா என்பார்கள். பத்தொன்பது வருடமாக முழங்கை வரை சோப்பு நுரையில் இருப்பவர். என் பழைய கதையில் அவருக்கு முகம் கிடையாது. ஒரு வினைச்சொல்லோடு முடித்திருந்தேன்.

2

பழைய கதையின் தொடக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. இங்கேயே கிடக்கட்டும்:

[வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. இளம் ஆராய்ச்சியாளர் ஜன்னலருகே நின்று, உலகின் குப்பைகளையெல்லாம் எண்ணி ஒரு நீண்ட]

“நம்ம ஜன்னலுக்கு வெளிய ஏசி பெட்டிதான்டி இருக்கு,” என்றாள் அக்கா. “பனிக்கு எங்க போவ?”

(மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான். எனக்குள் வருடம் முழுக்கப் பனி பெய்கிறது. ஸ்வெட்டர் மட்டும் இல்லை.)

3

நடந்தது இதுதான்.

அக்காவின் ஆய்வகத்தில் உயிருள்ள செல்களைக் குப்பிகளில் வளர்க்கிறார்கள். எல்லாம் பிளாஸ்டிக் குப்பிகள். ஒரு முறை பயன்படுத்தி எரித்துவிட வேண்டும். நாளுக்கு இரண்டு மூட்டை. ஒரு நாள் அக்கா மூட்டையைத் தராசில் வைத்துப் பார்த்தாள். அன்றிரவு வீட்டில் சோறு இறங்கவில்லை அவளுக்கு. மறுநாள் பேராசிரியரிடம் போய், “மேடம், பழையபடி கண்ணாடிக்கே போகலாமா?” என்று கேட்டாள். மேடம் நான்கு வாரம் கொடுத்தார். கண்ணாடியிலும் செல்கள் நன்றாக வளர்ந்தால் கண்ணாடி. இல்லையென்றால் பிளாஸ்டிக்தான், இனிமேல் பேச்சே கிடையாது.

முதல் வாரமே, மூன்றாம் நாள், செல்கள் மொத்தமாகச் செத்தன.

எல்லோரும் கழுவும் அறையைத்தான் பார்த்தார்கள். குப்பியில் சோப்பு தங்கியிருக்கிறதாம். நுரையக்கா நேராக ஆய்வகத்துக்குள் வந்து, மேசை மேசையாக நடந்து, காலையில் வேலை முடித்துப் போட்டிருந்த குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் இளஞ்சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது, செல்களுக்கு ஊற்றும் ஊட்டநீர்.

“காலைல போட்டத சாயங்காலம் குடுக்குறீங்க. காஞ்சு பாறையாயிடுது. அதப் பேர்க்க ரெண்டு மடங்கு சோப்பு போடுறேன். அந்தச் சோப்பு போக பத்து தடவ அலசுறேன். அப்பவும் போகல. படிச்ச பிள்ளைங்க, வேல முடிஞ்ச கையோட தண்ணில போட வேணாமா?”

எங்கள் அம்மா தினமும் அக்காவின் சாப்பாட்டுத் தட்டைக் காட்டிச் சொல்வதும் இதையேதான். (அக்கா இந்த வரியை அடிக்கச் சொல்கிறாள். மாட்டேன்.)

மறுநாள் ஒவ்வொரு மேசைக்குக் கீழும் ஒரு மூடிபோட்ட வாளி வந்தது.* கிருமி மருந்து கலந்த தண்ணீர். குப்பி காலியானதும் அதில் முக்க வேண்டும், அவ்வளவுதான். சோப்பு பாதியானது. பத்து அலசல் நான்கானது. நான்காம் வாரம் செல்கள் குப்பி கொள்ளாமல் வளர்ந்தன. குப்பை நாளுக்கு அரை மூட்டையாகிவிட்டது. அக்கா வாளியைச் சுற்றி ஆடினாள். நானே பார்த்தேன்.

* வாளி பச்சை நிறம். பழைய கதையில் இந்த இடத்தில் ‘ஒரு மகத்தான கண்டுபிடிப்பு’ என்று எழுதியிருந்தேன். வாளி என்றே இருக்கட்டும்.

4

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். நுரையக்கா என்ற பாத்திரத்தை நம்ப முடிகிறதா?

ஏனென்றால் கழுவும் தொட்டி அவருக்குத் தொடை உயரம்தான். தரை துடைக்கும் துணியை அலசுவதற்காக என்றோ கட்டியது. கண்ணாடி தோற்றிருந்தால் அவருக்குக் குனியும் வேலை குறைவு. ஜெயித்ததால் இப்போது மூன்று மடங்கு. அது தெரிந்தே வாளி யோசனையைச் சொன்னார். ஏன்?

“பூமி மேல உள்ள பாசத்தாலதானே?” என்று கேட்டேன். அப்படி ஒரு வரி தயாராக வைத்திருந்தேன்.

“பூமியும் நல்லா இருக்கட்டும், வேணாங்கல. ஆனா நான் கழுவினதுல குத்தம்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போறதா? நல்லா இருக்கே!”

தயாராக வைத்திருந்த வரியை வாளியில் போட்டேன்.

பிறகு நானும் கழுவிப் பார்த்தேன். ஆறாவது குப்பியில் முதுகு பிடித்துக்கொண்டது. அக்கா மேடத்துக்கு எழுதும் அறிக்கையின் அட்டவணையில் பிளாஸ்டிக்கின் எடை, தண்ணீர், மின்சாரம், சோப்பு என்று நான்கு பத்திகள் இருந்தன. அவள் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை எடுத்து ஐந்தாவதாக ஒரு கோடு இழுத்து, மேலே ‘இடுப்பு’ என்று எழுதினாள்.

“இத எப்படிடி அளக்குறது?”

“முழத்தால,” என்றார் நுரையக்கா.

5

கண்ணாடி ஜெயித்ததற்காக இன்று நான்கு மணிக்கு மேடம் கேக் வெட்டுகிறார். நுரையக்காவுக்குச் சான்றிதழ் தரப்போவதாகக் கேள்வி. அவருக்கு வேண்டியது வேறு. “எப்படிக் கேக்கலாம்? நீதான் எழுதுறவளாச்சே,” என்றார்.

எழுதிக் கொடுத்தேன்:

[மாண்புமிகு மேடம் அவர்களுக்கு, காலம் காலமாகக் குனிந்த முதுகுகளின் சார்பில்]

“என் முதுகு ஒண்ணுதாம்மா. மத்ததையெல்லாம் ஏன் கூட்டிட்டு வர்ற?”

[ஒரு தொட்டியின் கனவு]

“தொட்டி தூங்குதா?”

தாளை மடித்துக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

முடிவும் எழுதி வைத்திருந்தேன், இரண்டு. முதலாவதில் மேடம் உடனே சரி என்கிறார். (“ஒரு குழாய் மாத்தவே நாலு லெட்டர் போடணும், கதை விடாத,” இது அக்கா.) இரண்டாவதில் பார்க்கலாம் என்கிறார். அதை எழுதும்போது எனக்குக் கேக் இறங்கவில்லை. கேக் இன்னும் வெட்டவே இல்லை என்பதையும் கவனித்தேன்.

ஆகவே மேடத்துக்கு நான் வசனம் எழுதப்போவதில்லை. அவர் நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், கேக் கத்தி உங்கள் கையில்தான் இருக்கிறது.

6

மணி நான்கு. அறை நிறைய ஆட்கள். யாரோ பச்சை வாளிக்கு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் சான்றிதழை நீட்டுகிறீர்கள். கைதட்டல். நுரையக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்குகிறார், படிக்கிறார், பத்திரமாக என் அக்காவிடம் கொடுக்கிறார். கைதட்டல் ஓய்வதற்காகக் காத்திருக்கிறார். நிமிர்ந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே கேட்கிறார்:

“மேடம், அந்தத் தொட்டிய ஒரு முழம் தூக்கிக் கட்டித் தருவீங்களா?”