சாணைமலை வந்து பார்த்துவிட்டுப் போனது

சாணைமலையில் ஏற விரும்புகிறவர்களின் வீட்டுக்கு முந்தின நாள் மலை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகும். பெண் பார்க்க வருகிற மாதிரிதான். பிடித்தால் ஏற்றிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் காபியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புகிறேன்" என்று கிளம்பிவிடும்.

பெரிய மலையொன்றும் இல்லை. ஆடுகள் காலையில் ஏறி மத்தியானம் இறங்கிவிடுகிற உயரம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தணிகாசலம் அதற்குத்தான் இமயத்துக்குப் போகிறவரைப் போலப் போன பொங்கலிலிருந்தே தயாரானார். முழங்கால் உயர பூட்ஸ் வாங்கினார். திசைகாட்டி வாங்கி, அதில் வடக்கு எங்கே என்று ஊரெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். புளிசோற்றைச் சுமந்துகொண்டு அவருடைய மனைவி அம்சவேணி பின்னால் வருவதாகத் திட்டம். மலையேற வேண்டுமென்று கல்யாணமான புதிதிலேயே ஆசைப்பட்டவள் அவள். கேட்கும்போதெல்லாம், "உனக்கு மூச்சு வாங்கும்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்.

மலை சாயங்காலம் வந்தது. நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்து, சோபாவில் உட்கார்ந்தது. மேலே இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அம்சவேணி மலைக்குக் காபியும் ஆடுகளுக்கு முருங்கைக்கீரையும் கொடுத்தாள்.

தணிகாசலம் சுவரில் வரைபடத்தை விரித்துத் தன் திட்டத்தை விளக்கினார். எந்தப் பாறையில் இளைப்பாறுவது, எந்தப் பாறையில் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது, உச்சியில் என்ன பேசுவது. உச்சிப் பேச்சை முழுதாகப் பேசியும் காட்டினார். மலை கொட்டாவி விட்டது. ஒரு கல் உருண்டு டீப்பாயில் விழுந்தது.

"என்னைப் போல முன்யோசனையோடு யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"இல்லை சார். உங்கள் திட்டம் என்னைவிட உயரம். நீங்கள் அதிலேயே ஏறிக்கொள்ளுங்கள். அம்மா மட்டும் வரட்டும்."

"இவளா? இவளுக்கு வழியே தெரியாது!"

"வழி என்னிடம் இருக்கிறது" என்றது மலை.

அம்சவேணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "புளிசோறு கொண்டு வரலாமில்லையா?"

"ஆடு பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

மறுநாள் விடிந்ததும் அவள் ரப்பர் செருப்போடு புறப்பட்டாள். தணிகாசலம் கூடத்திலேயே பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் திட்டத்தில் ஏற ஆரம்பித்தார். மின்விசிறி உயரம் வந்ததுமே மூச்சு முட்டியது. "அம்சா, தண்ணி!" என்று கத்தினார். இறங்கும் வழியை அவர் திட்டத்தில் சேர்க்கவில்லை.

அவளுக்கு அது கேட்கவில்லை. பாதி மலையில் நின்று பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. இத்தனை வருஷம் யாருடைய மூச்சுக்குப் பயந்தோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் ஏறினாள்.

உச்சியில் கடல் உட்கார்ந்திருந்தது. நடந்து வந்த களைப்பு அதற்கு.

"உங்களைப் பார்க்க வீட்டுக்குத்தான் போனேன். மேலேயிருந்து யாரோ தண்ணி கேட்டார். உப்புத் தண்ணிதான் இருக்கிறதென்றேன், திட்டினார்" என்றது.

அம்சவேணி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்து, புளிசோற்றைப் பிரித்தாள். கடல் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, உப்புக் கம்மி என்றது.