ரஞ்சனா தானே கொடுத்த புகார்

கொல்கத்தாவின் பவானிபூர் சந்து ஒன்றில் இருந்த வீரபாண்டியனின் சாப்பாட்டுக் கடையில் ரஞ்சனா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். துர்கா பூஜையின் சஷ்டி நாள். தெருக்கோடியில் டாக் மேளம் அடிக்கும் சத்தம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் கடைத் தொலைபேசியில் அவள் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தான். அம்மா இறந்துவிட்டாள்.

மாவுக் கையோடு கல்லாவுக்கு ஓடினாள்.

"அண்ணை, அம்மா மோசம் போயிட்டா. என்ர பாஸ்போர்ட்டைத் தாங்கோ. ஒருக்கா முகம் பாத்திட்டு வாறன்."

வீரபாண்டியன் சில்லறையை எண்ணுவதை நிறுத்தவில்லை. "பூஜை வாரத்துல நீ போயிட்டா அடுப்படிய யாரு பாக்குறது? டூரிஸ்ட் விசால வந்து வேலை பாக்குறவ நீ. அந்த விசாவும் முடிஞ்சு போச்சு. நான் போலீஸ்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கம்பி எண்ணுவே. போ, போய் வேலையப் பாரு."

ஆறேழு மாதமாக இதே மிரட்டல்தான். "மொதல்ல டூரிஸ்ட் விசால வந்துரும்மா, வேலை விசாவ இங்க மாத்திக்கலாம்" என்று அழைத்து வந்தவனும் அவன்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டவனும் அவன்தான்.

அன்று மாலை அங்கே அம்மாவுக்குக் கொள்ளி வைத்தார்கள். இங்கே ரஞ்சனா பூஜைப் பந்தலுக்குப் போகிறவர்களுக்குப் பரிமாறினாள். அழுகை வரவில்லை. இத்தனை நாள் அவளைக் கட்டிப்போட்டிருந்த பயம் போன இடம் தெரியவில்லை. போலீசைச் சொல்லித்தானே மிரட்டினான்? அந்தப் போலீசை நானே கூட்டிவருகிறேன் என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டாள். விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறக்கும்வரை வாயைத் திறக்காமல் சமைத்தாள்.

திறந்த அன்றே வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். அங்கே அவளை விசாரித்த அதிகாரி ரமணன், கும்பகோணத்துக்காரர், மாற்றலாகி வந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"டூரிஸ்ட் விசாவ இங்க வேலை விசாவா மாத்த முடியாதும்மா. உங்க ஊர்லயே வாங்கிண்டு வந்திருக்கணும். இப்போ கேஸ் போட்டா உங்க மேலயும் வரும். தெரியுமோ?"

"தெரியும் ஐயா. ரெண்டு பேருக்கும் வரட்டும். அவர் தப்பப்படாது."

மறுநாள் மதியக் கூட்டத்தில் அதிகாரிகள் கடைக்குள் நுழைந்தபோது வீரபாண்டியன் பல்லை இளித்தான். "நம்ம சொந்தக்காரப் பொண்ணு சார். காளிகாட் கோயிலப் பாக்க வந்திருக்கு."

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு வங்காளிப் பெரியம்மா மாஷிமாவுக்கு விவகாரம் புரியவில்லை. ரஞ்சனாவைக் காட்டி, இவள் சமையல் எப்படி என்று அதிகாரி கேட்டதும், "தினமும் இந்தப் பெண்தானே சமைக்கிறாள்! இவள் கைருசிக்காகத்தான் நான் வருகிறேன்" என்று வங்காள மொழியில் பெருமையாகச் சொன்னாள். வீரபாண்டியனின் முகம் வெளிறியது. அந்த முகத்தை ரஞ்சனா கண் இமைக்காமல் பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

அவன் மனைவி ராஜம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "எங்க பொழைப்பக் கெடுத்துட்டியேடி! தெரியாமச் சொன்னேன்னு சொல்லிரு."

"என்ர அம்மான்ர முகத்தை ஒருக்காக் காட்டுங்கோ அக்கா. நான் எல்லாத்தையும் மாத்திச் சொல்லுறன்."

ராஜம்மா கையை விட்டாள்.

கடை பூட்டப்பட்டது. அனுமதியில்லாத வெளிநாட்டுப் பெண்ணை வேலைக்கு வைத்ததற்கும், பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்ததற்கும் வீரபாண்டியன் வழக்கில் மாட்டி, அலிப்பூர் நீதிமன்றத்துக்கு அலையத் தொடங்கினான். ரஞ்சனாவும் தப்பவில்லை. அபராதம் கட்டினாள், இனி இந்தியாவுக்குள் வர முடியாதபடி திருப்பி அனுப்பும் உத்தரவும் வந்தது.

பாஸ்போர்ட்டைத் தரும்போது ரமணன் கேட்டார். "இப்போ திருப்தியாம்மா?"

"அவரை விழுத்தினது சந்தோஷம்தான் ஐயா. ஆனா என்னைக் கட்டின கயிறை அவருக்கு எடுத்துக் குடுத்தது நான்தானே? வேற நாட்டுக்கு வேலைக்குப் போறதெண்டால் வேலை விசா எடுத்துக்கொண்டுதான் போகவேணும். பாஸ்போர்ட்டை ஆரிட்டயும் குடுக்கப்படாது. சட்டம் தெரியாமல் போறவளை எவனும் அடிமையாக்கலாம். ஊரில எல்லாப் பிள்ளையளுக்கும் இதைச் சொல்லுவன்."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அவர்ர பேரையும் சேர்த்துத்தான் சொல்லுவன்."