எடை மேடையில் டெக்லான்

டெக்லான் கிட்டாரில் வாசிப்பது பாட்டுக்கு நடுவே நாலு வரி. அதற்காக அவன் விமானத்தில் ஏற்றுகிற சாமான்களைப் பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்ற கதைதான். கெட்டிப் பெட்டியில் இரண்டு கிட்டார், காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெடல்கள் ஒரு மூட்டை, போதாததற்கு, உள்ளே கண்ணாடி வால்வுகள் வைத்துச் சத்தத்தைப் பெருக்குகிற, அம்மிக்கல் கனத்தில் ஒரு பழைய ஆம்ப். போகிற ஊரில் எத்தனை ஆம்ப் கிடைத்தாலும் துரைக்கு அதுதான் வேண்டும்.

கெய்ன்ஸ் விமான நிலையத்தின் ஓரத்துக் கொட்டகையில் குட்டி விமானத்துக்காக நின்றபோது கெசியா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தாள். இசைக்குழுவின் டிரம்மர் அவள். இன்று சாயங்காலம் அவளுடைய சொந்தத் தீவில் கச்சேரி. அப்பா, அத்தைமார், பள்ளிக்கூடத்தில் அவளைக் கேலி செய்தவர்கள் என்று ஊரே மண்டபத்துக்கு வரும். அவள் வாசித்து அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அடுத்த விமானம் நாளைக்குத்தான்.

"எல்லாரும் வரிசையா தராசுல ஏறுங்க," என்றார் விமானி வார்விக்.

டெக்லானின் முகம் செத்துப்போயிற்று. பெரிய விமானங்களில் பெட்டியைத்தான் நிறுப்பார்கள், ஆளை அல்ல. பெட்டி கனத்தால் பெடல்களை எடுத்துக் கோட்டுப் பைகளில் திணித்துக்கொள்வான். அந்தச் சாமர்த்தியத்தைப் போகிற இடமெல்லாம் பீற்றியும் கொள்வான். இன்றும் கொளுத்துகிற வெயிலில் கோட்டுக்குள் ஒரு இரும்புக்கடையையே சுமந்துகொண்டு நின்றான். குட்டி விமானத்தில் ஆளையும் நிறுப்பார்கள் என்பது தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவன் ஏறியதும் முள் எகிறியது.

"என்ன தம்பி, முதலைய முழுங்கிட்டு வந்தியா?" என்றார் வார்விக்.

கோட்டைக் கழற்றினாலும் பாரம் பாரம்தானே. அவர் தலையை ஆட்டினார். "தாங்காது. அந்த ஆம்ப் இங்கயே கெடக்கட்டும். இல்லேன்னா ஒரு ஆள் நில்லுங்க."

"ஆம்ப் வந்தே ஆகணும்." டெக்லான் யோசிக்கக்கூட இல்லை. கெசியா பக்கம் திரும்பினான். "நீ நாளைக்கு வாயேன். டிரம்ஸ்தானே, அங்க எவனாவது தட்டுவான்."

கெசியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமாக அவன் தாளம் தப்பும்போதெல்லாம் இழுத்துப் பிடித்து மானத்தைக் காப்பாற்றியவள் அவள்.

பாடகி கிர்ரா கிட்டாரும் தெரிந்தவள். சூயிங்கத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "அண்ணே, இவனும் இவன் கோட்டும் நின்னுட்டா?"

வார்விக் மனக்கணக்குப் போட்டார். "தாராளமா போலாம். தீவுக் கடைக்குப் போற வெங்காய மூட்டையும் ஏத்திக்கலாம்."

"அப்ப ஏத்துங்க. அந்த ஆம்ப்பும் வரட்டும். கிட்டார நானே வாசிச்சுக்கறேன்."

"வெளையாடாத கிர்ரா! நான் இல்லாம எப்படி?"

"யாராவது உன்னக் கேட்டா, நாளைக்கு வருவான்னு சொல்றேன். கேட்டாத்தான்."

கெசியா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வெங்காயத்துக்குப் பக்கத்தில் ஆம்ப்பை வைத்துக் கட்டினார்கள். இன்ஜினைக் கிளப்பப் போகும் சமயத்தில் டெக்லான் வேலியோரமாக ஓடி வந்தான். "கெசியா! கெசியா!"

பாவம், மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் போல என்று அவள் சின்ன ஜன்னலைத் திறந்தாள்.

"வால்வு ஒடைஞ்சிடும்! மெதுவா எறக்கச் சொல்லு!"

அவள் ஜன்னலைச் சாத்தினாள். கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் அதோடு போயிற்று.