பதினோரு துண்டுகள்

அந்தக் காரைப் பழையதாக வாங்கியபோதே டேஷ்போர்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கார்பன் ஃபைபர் மாதிரி பின்னல் அச்சடித்த போலி. இரண்டு கோடையில் ஓரமெல்லாம் சுருண்டு, வெயிலில் உரிந்த தோல்போலத் தொங்க ஆரம்பித்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவள் அவள். அரை மில்லிமீட்டர் விலகினாலே கண்ணை உறுத்தும். ஒரு சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் ஸ்டிக்கரை மொத்தமாகப் பிய்த்துப் போட்டுவிட்டு, கியரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டு, டயர் கடைக்குப் பின்னால், கார் பாகங்களுக்கு நிஜக் கார்பன் துணி போர்த்தித் தரும் கார்பன்காரரின் பட்டறைக்குப் போனாள்.

பட்டறையில் இரண்டே பேர்தான். கார்பன்காரரும் அவர் மனைவியும். பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்துக் கொடுப்பது மனைவி. அதன்மேல் பிசின் மாதிரியான கறுப்பு ரெசின் பூசி, பிசுபிசுப்பு வரும் நேரம் பார்த்துக் கார்பன் துணியைப் போர்த்தி, மடிப்பு விழாமல் மூலைகளில் அழுத்தி உட்கார வைப்பது அவர். பிறகு தெளிவான ரெசின், உலர்த்தல், தேய்ப்பு, மறுபடி ரெசின், மறுபடி தேய்ப்பு. கடைசியில் கிணற்றுத் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல அடியில் பின்னல் மின்னும்.

"மொத்தம் பதினோரு துண்டு வரும்" என்றார் அவர், காருக்குள் தலையை விட்டுப் பார்த்து. "எல்லாத்தையும் ஒண்ணா கொடுத்துடுங்க. ஒரே வாரத்துல முடிச்சிடலாம்."

"முதல்ல இதை மட்டும் பண்ணுங்கண்ணே. பிடிச்சிருக்கான்னு பார்க்கிறேன்."

பிடித்திருந்தது. ஆனாலும் அடுத்த வாரமும் ஒரே ஒரு துண்டைத்தான் கொண்டுபோனாள். அதற்கடுத்த வாரமும் ஒன்று. கார்பன்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு சட்டையில கை இந்த மாசம், காலர் அடுத்த மாசம்னு தைக்கச் சொல்றீங்களே!"

"அவங்க சட்டை, அவங்க இஷ்டம். உங்களுக்கென்ன?" என்றாள் மனைவி. அவளுக்கு வாய் ஓயாது. வந்த இரண்டாம் வாரமே இவளுக்கு 'லென்ஸு' என்று பேர் வைத்துவிட்டாள். "என்ன லென்ஸு, இன்னைக்கு உன் காருல எந்தப் பல்லைப் பிடுங்கிட்டு வந்திருக்க?" என்று வாசலிலேயே கேட்பாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் போனாள். இதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர்களோடு பேசுகிறவர்கள் முன்னறையில் இருந்தார்கள். பின்னறைக்கு வருவது தட்டு மட்டும்தான். அதில் ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டம், பவர் எழுதிய ஒரு சீட்டு. வீட்டில் அதுவும் இல்லை. கூடவே இருந்த தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் நாலு வருஷம் ஆகிறது. போன் செய்தால் "சொல்லுக்கா" என்பாள். சொல்ல ஆரம்பிப்பதற்குள் அங்கே குழந்தை அழும். "அப்புறம் கூப்பிடறேன்கா." அந்த அப்புறம் வந்ததேயில்லை. தங்கைமேல் தப்பு சொல்லவும் முடியாது. குழந்தை அழுவது இவளுக்கும் கேட்கத்தானே செய்கிறது?

பட்டறையில் அவளுக்கென்று ஒரு இரும்பு ஸ்டூல் தானாக ஏற்பட்டது. ஒருநாள் காய்ந்துகொண்டிருந்த யாருடைய கதவுப் பட்டையையோ எட்டிப் பார்த்தவள், "அண்ணே, இங்க ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு. இதோ இன்னொண்ணு" என்றாள். அவர் நம்பாமல் விளக்கைத் திருப்பி, குனிந்து, கடைசியில் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கடைசிப் பூச்சுக்கு முன் எல்லாத் துண்டும் அவள் மடிக்கு வந்துவிடும். "பாரு லென்ஸு, உன் கண்ணுல எதுவும் மாட்டுதா?" கார்பன்காரரின் மனைவியை இவள் அக்கா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். அக்கா தேய்த்துக்கொண்டே கதை சொல்வாள். பக்கத்து டயர் கடைக்காரன் தன் காருக்கே காற்றடிக்க மறந்து நடுரோட்டில் நின்ற கதையைக் குறைந்தது ஐந்து தடவை சொல்லியிருப்பாள். ஐந்து தடவையும் இவள் சிரித்தாள்.

ஆனால் பதினோரு துண்டு என்றால் பதினோரு சனிக்கிழமைதான். கடைசித் துண்டு ரேடியோவைச் சுற்றிய சட்டம். அதைப் பொருத்திவிட்டுக் கார்பன்காரர் துணியால் துடைத்தார். டேஷ்போர்டிலிருந்து கதவு வரை பின்னல் ஒரே சாய்வில் ஓடியது.

"முடிஞ்சுது. நல்லா வச்சுக்குங்க" என்றார்.

அக்கா கை ஆட்டினாள். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அவள் திரைச்சீலைகளைத் துவைத்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே திரைச்சீலைகளைத் துவைத்தாள். பிற்பகலில் கீழே இறங்கிப்போய், நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சும்மா இருந்தாள். எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மேல்மாடிக்காரர் கடந்து போனார். கண்ணாடிக்கு உள்ளே ஒருத்தி இருப்பதை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, கடையில் கண்ணாடிச் சட்டம் கழற்றும் சின்ன ஸ்க்ரூடிரைவரோடு மறுபடி இறங்கினாள். டிரைவர் பக்கக் கதவில் சுவிட்ச் தகட்டின் கீழ் ஓரத்தில் அதை நுழைத்து நெம்பினாள். மூன்று தடவை வழுக்கியது. நாலாவது தடவை 'டிக்' என்றது. கார்பன் தோல் பிளாஸ்டிக்கை விட்டு ஒரு விரல் அகலத்துக்குத் தூக்கிக்கொண்டது. அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு காரணம் கிடைத்த நிம்மதி அவளுக்கு வந்தது.

"வா லென்ஸு! எங்க ஆளையே காணோம்?" என்று அக்கா வாயெல்லாம் பல்லாக வந்தாள். அவள் கையிலிருந்த தகட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கார்பன்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். அவர் மனசு ஆயிரம் காரணத்தைத் தேடியிருக்கும். ஒருத்தி தன் காரைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டு வருவாள் என்பது மட்டும் அந்த ஆயிரத்தில் இருந்திருக்காது.

"பிடிப்பே இல்லாம விட்டிருக்கு. அடியில சரியா தேய்க்கல" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பாமலே, "இதை யாரு தேய்ச்சது?"

"நான்தான். வேற யாரு?"

"ஒண்ணு விட்டா மத்ததும் விடும். எல்லாத்தையும் கழட்டணும். வண்டி இங்கயே இருக்கட்டும், அடுத்த வாரம் வாங்க."

அவள் சாவியைக் கொடுத்தாள். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். அந்த வாரம் முழுக்க லென்ஸ் சக்கரம் சுற்றும்போதெல்லாம் அவர் திரும்பாமலே கேட்ட அந்தக் கேள்வி காதில் விழுந்துகொண்டேயிருந்தது.

மறு சனிக்கிழமை வாசலில் யாரும் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. உப்புத்தாள் கார்பன்காரர் கையில் இருந்தது. அவளுடைய துண்டுகளை மட்டுமல்ல, வேறொரு வண்டியின் முழு டேஷ்போர்டையும் அவரே தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஓரமாக உட்கார்ந்து, திருகாணிகளை அளவு வாரியாக டப்பாக்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, நீங்க தேய்க்கலையா?"

"இல்லம்மா." லென்ஸு என்று சொல்லவில்லை. "பதினாறு வருஷமா தேய்க்கிறேன். கை தளர்ந்துபோச்சு போல. எனக்கே தெரியல பாரு." உள்ளங்கையை விரித்து, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அது தானா விடல. நான்தான் நெம்பினேன்."

உப்புத்தாள் நின்றது.

"என்ன?"

"ஸ்க்ரூடிரைவரால நெம்பினேன். அக்கா தேய்ச்சதுல ஒரு குறையும் இல்ல."

"எதுக்கு?"

"வேலை முடிஞ்சுபோச்சேன்னு..." என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே பட்டது.

கார்பன்காரர் உப்புத்தாளை மேஜைமேல் வைத்தார். "ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கல. இவகிட்ட நல்லா முகம் கொடுத்துப் பேசல" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்கா கடைசித் திருகாணியையும் டப்பாவில் போட்டு மூடினாள்.

"என்னைப் பார்க்கணும்னா சும்மா வந்திருக்கலாமே. யாரு வேண்டாம்னா? என் கைமேல ஏன் பழி போட்ட?"

"தப்புதான்க்கா."

"தப்புன்னு எனக்கும் தெரியுது. ஏன்னு கேட்டேன்."

பதிலுக்கு அக்கா காத்திருக்கவில்லை. உப்புத்தாளை எடுத்து, தண்ணீரில் நனைத்து, அந்த டேஷ்போர்டை விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

வண்டி புதன்கிழமை தயாரானது. பதினோரு துண்டும் முன்னைவிடச் சுத்தமாகப் பொருந்தியிருந்தன. கார்பன்காரர் சாவியைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள்.

ஐந்து சனிக்கிழமை அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆறாவது சனிக்கிழமை வெறுங்கையோடு போய் வாசலில் நின்றாள். கால் உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் வந்தேன்."

அக்கா கொஞ்ச நேரம் தேய்த்தாள். பிறகு, "அங்க நின்னா தூசி மேல படும். இப்படி வந்து உட்காரு" என்றாள்.

உட்கார்ந்தாள். கால் மணி நேரம் அக்கா தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்பன்காரர் அவள் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. துண்டு எதுவும் அவள் மடிக்கு வரவில்லை. "போயிட்டு வரேன்க்கா" என்று எழுந்தபோது அக்கா "ம்" என்றாள். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

அவள் மறுவாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். நாலாவது வாரம் கிளம்பும்போது, ரெசின் கலக்கிக்கொண்டிருந்த கார்பன்காரர் தலையைத் தூக்காமலே, "கதவைச் சாத்திட்டுப் போங்க. காத்துல தூசி உள்ள வருது" என்றார்.

பட்டறையில் அப்போது அவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். அக்கா உள்ளே இருந்தாள். கதவுப் பக்கம் நின்றது அவள் ஒருத்திதான். அத்தனை வாரம் கழித்து அவர் அவளிடம்தான் பேசியிருந்தார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.